சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி

10.6.96, திங்கள்

கிணத்துக்கடவு டீலர் மயில்சாமி இன்று முதல் தடவையாகக் கம்பெனிக்கு நேரில் வந்தார். பல வருடமாக என்னோடு போனில் பேசுகிறவர். "அம்மணி, சவுக்கியமுங்களா? மொதலாளிக்குப் போடுங்க" என்று ஆரம்பித்து, மழை, தேங்காய் விலை எல்லாம் பேசிவிட்டுத்தான் லைனை விடுவார். என் முன்னால் வந்து நின்று, என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, போன்ல பேசற அம்மணி இன்னைக்கு லீவுங்களா?"

"ஆமாங்க, லீவுங்க" என்றேன், குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு. ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் முகம் வாடிப்போகும் என்றா, என் முகமா? வயது நாற்பத்தேழு. குரலில் மட்டும் இன்னும் நரை விழவில்லை போல. டெலிபோன் ஆப்பரேட்டருக்கு அது போதும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

12.6.96

மகன் ஆல்வினிடம் மயில்சாமி கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்பா சிரிக்கவில்லை. அவர் வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து, நான் எதைச் சொன்னாலும் இவள் வேலைக்கு ஏதும் ஆபத்தா என்றுதான் முகத்தைப் பார்க்கிறார்.

1.7.96

பிரவின்குமார் ரூமுக்குக் கூப்பிட்டார். பெரிய முதலாளியின் மகன், இப்போது கம்பெனியில் எல்லாம் அவர்தான். உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. பெரியவர் காலத்திலிருந்து அந்த ரூமில் எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூட வந்ததில்லை.

"அக்கா, நீங்க எங்க ஊட்டு ஆளாட்டமுங்க. உக்கடத்துல இருந்து பெரியநாயக்கன்பாளையத்துக்குத் தெனம் ரெண்டு பஸ் மாறி, இந்த வயசுல எதுக்குங்க சிரமப்படோணும்? ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வருதுங்க. முன்னால ஒரு பொண்ணை உக்கார வெச்சு, கம்ப்யூட்டரையும் பாக்கச் சொல்லலாம்னு இருக்குதுங்க."

அத்தனை மரியாதை. காப்பியில் சர்க்கரை தூக்கல். குடித்து முடித்து, "ரொம்ப நன்றிங்க" என்று வேறு சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ் துடியலூர் தாண்டும்போதுதான் உறைத்தது, வேலை போய்விட்டது என்று. வேலையைப் பறித்தவனுக்கு நன்றி சொல்லிப்போட்டு வந்திருக்கிறேன், பைத்தியக்காரி. கம்ப்யூட்டர்தானே, சொல்லிக் குடுத்தா நான் கத்துக்க மாட்டனா? ஒரு வார்த்தை கேட்டானா?

22.7.96

கம்ப்யூட்டர் கிளாஸ், காந்திபுரத்தில், மாடியில். எல்லாம் ஆல்வின் வயதுப் பிள்ளைகள். "ஆன்ட்டி, மவுஸை இந்த அமுக்கு அமுக்காதீங்க, ஓடியா போகுது" என்கிறாள் சொல்லித்தருகிற பெண். டெலிபோன் போர்டில் பிளக்கைக் குத்திக் குத்திப் பழகிய கை. என்ன செய்ய.

5.9.96

ஒரு ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்குப் போனேன். மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டார். கம்ப்யூட்டர் தெரியுமா என்றார், தெரியும் என்றேன். அனுபவம் இருக்கிறதா என்றார், இருக்கிறது என்றேன். அப்புறம் காப்பி வந்தது. "சொல்லி அனுப்பறமுங்க."

19.9.96

பஞ்சுக் கடை ஆபீஸ். காப்பி. சொல்லி அனுப்புகிறார்களாம்.

நம் ஊரில் யாரும் மூஞ்சிக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்கூட கேஸ் போடலாம், சண்டை போடலாம். காப்பி கொடுத்தவனிடம் என்ன பேசுவது?

11.10.96

தலைக்கு டை அடித்தேன். காதோரம் அரிக்கிறது. கறை போகவே இல்லை. "அம்மா, விக்கு மாதிரி இருக்குது" என்கிறான் ஆல்வின். அவன் அப்பா தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

16.12.96

உக்கடத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். முதலாளி சீனிவாசலு வயதைக் கேட்டார். "நாப்பத்தொண்ணுங்க" என்றேன். வாயிலிருந்து அதுவாக வந்தது. அவர் என் தலையைப் பார்த்தார். அந்நேரம் போன் அடித்தது. அவர் இன்னொரு போனில் ஒரு டிரைவரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். "எடுங்கம்மா" என்று கையைக் காட்டினார்.

எடுத்தேன். வைத்ததும் மறுபடி அடித்தது. மத்தியானம் வரை எடுத்துக்கொண்டே இருந்தேன். காப்பி குடிக்கிறீர்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தொண்டை காயக் காய எனக்குள் ஒரு நம்பிக்கை. கிளம்பும்போது, "காலைல எட்டு மணிக்கு வந்துருங்க" என்றார்.

சம்பளம் முன்னைவிடக் குறைச்சல்தான். ஆல்வின் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கிடைத்ததா என்று கேட்கக்கூடப் பயம் அவருக்கு.

5.1.97, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து டை. இனி வாராவாரம். இந்த வேலை இருக்கும்வரை நான் நாற்பத்தொன்று.

14.3.97

ஆபீஸுக்கு மூன்றாவது லைன் வந்திருக்கிறது. போனுக்கு இன்னொரு ஆள் வேண்டும். "சின்னப் பொண்ணாப் பாருங்கம்மா. வயசானவங்க வந்தா நீங்களே பதமாப் பேசி அனுப்பீருங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி வெளியே போனார். வயசானவங்க என்றால் எத்தனை வயது என்று நான் கேட்கவில்லை.

பதினொரு மணி போல அன்புச்செல்வி என்று ஒருத்தி வந்தாள். மூடிப்போன ஒரு மில்லில் போன் பார்த்தவள். அருமையான குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கல்லூரிப் பெண் என்றுதான் நினைப்போம். வயது முப்பத்தெட்டு என்றாள். காதோரத்தில் டைக் கறை. தேய்த்துத் தேய்த்து அந்த இடம் சிவந்திருந்தது.

முதலாளியிடம் இவளுக்காக ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் அவர் இவளைக் கூப்பிட்டுப் பார்ப்பார். இவள் தலையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற என் தலையையும் பார்ப்பார்.

"சொல்லி அனுப்பறமுங்க" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "ஏனுங்க்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ஊட்டுல நான் ஒருத்திதானுங்க சம்பாரிக்கறது."

"இருங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன். எதிரே பஷீரின் டீக்கடை. ஒரு காப்பி சொன்னேன், சர்க்கரை தூக்கலாக.