118, 119 எண் மாத்திரைக் குப்பிகள் குறித்து

அனுப்புநர்
கா. நைனா முகம்மது,
மிளகுக் கிடங்கில் சரக்குப் பார்ப்பவர்,
கொச்சங்காடி, மட்டாஞ்சேரி, கொச்சி - 2.

பெறுநர்
மாவட்ட மருத்துவ அதிகாரி அவர்கள்,
எர்ணாகுளம்.

பொருள்: ஒரே வீட்டுப் பெண்பிள்ளைகள் இருவருக்கு வெவ்வேறு மாத்திரை கொடுத்ததும், பிறகு இரண்டையும் வாங்கிக்கொண்டதும் - விவரமும் பரிகாரமும் வேண்டுதல்.

பெருமதிப்புக்குரிய ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

தமிழில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மலையாளம் நன்றாகப் பேசுவேன், சண்டைகூடப் போடுவேன், எழுத வராது. என் மூத்த மகள் எழுதுவாள். ஆனால் அவளைப் பற்றிய மனுவை அவளையே எழுதச் சொல்வது முறையல்ல. தங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கும் குமாஸ்தா ஒருவர் உண்டென்று கேள்விப்பட்டேன். அவருக்கும் என் சலாம்.

1. என் மனைவி ஜொஹரா பீவிக்கு ஜனவரி முதல் காசநோய். எங்கள் பகுதி நெஞ்சுநோய் மருந்தகத்தில் ஊசி போடுகிறார்கள். இருமல் குறைந்திருக்கிறது, எடை நாலு ராத்தல் ஏறியிருக்கிறது. இதை மறைத்துப் புகார் எழுதினால் என் நாக்கு அழுகிவிடும். எல்லா வினையும் அந்த நாக்கால் வந்ததுதான்.

2. பிப்ரவரியில் மருந்தகத்து நர்ஸ் காமாக்ஷி அம்மாள் வீட்டுக்கு வந்தார். நோயாளியோடு இருக்கும் பிள்ளைகளுக்கு நோய் தொற்றாமலிருக்க மாத்திரை தருவதாகச் சொல்லி, மலையாளத்தில் அச்சடித்த ஒரு படிவத்தை நீட்டினார். மூத்தவள் சகீலாவை (வயது 14) படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "மாத்திரைக்குச் சம்மதம்னு எழுதியிருக்கு வாப்பா" என்றாள். கையெழுத்துப் போட்டேன். மார்ச் முதல் அவளுக்கு 118-ம் எண் குப்பி, இளையவள் ரபியாவுக்கு (வயது 9) 119-ம் எண் குப்பி.

3. ஒரே வீடு, ஒரே நோயாளி, ஒரே மாத்திரை என்றால் குப்பிக்கு எண் எதற்கு என்பது என் முதல் சந்தேகம். குப்பி தவறி மாறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "மாறவே கூடாது நைனா பாய்" என்று நர்ஸ் அம்மாள் பதறினார். ஏன் கூடாது என்றேன். ரபியாவுக்குச் சடை பின்ன உட்கார்ந்துவிட்டார். வாராவாரம் வந்து மீதி மாத்திரைகளை எண்ணுகிறார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் குப்பியின் எண்ணைப் பார்க்கிறார்கள். எங்கள் கிடங்கில் இரண்டு சாக்குக்கு இரண்டு குறி போட்டிருந்தால் உள்ளே இரண்டு விதச் சரக்கு என்று அர்த்தம்.

4. நான் பத்தொன்பது வருடமாக மிளகைக் கடித்துத் தரம் சொல்கிறவன். கடித்துப் பார்க்காமல் எதையும் நம்ப எனக்கு வராது. என் நிக்காஹ் அன்று கொடுத்த கற்கண்டைக்கூடக் கடித்துவிட்டுப் பழைய சரக்கு என்று சொல்லி மாமனாரின் கோபத்தைச் சம்பாதித்தவன். ஜூலை 6-ம் தேதி வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, குப்பிக்கு ஒன்றாக இரண்டு மாத்திரைகளைக் கடித்தேன். 118 கசந்தது. 119 லேசாக இனித்து மாவாகக் கரைந்தது. கசப்பதுதான் மருந்து, மற்றது வெறும் மாவு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

5. ரபியா உம்மாவை விட்டுத் தள்ளிப் படுக்காதவள். அவளுக்கா மாவு? சகீலாவிடம் சொன்னேன். அப்போதுதான், படிவத்தில் தான் படித்துச் சொல்லாத மீதியை அவள் சொன்னாள். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது குலுக்கலில் விழுந்தபடி. ஏன் மறைத்தாய் என்றேன். "கையெழுத்துப் போடாட்டி உம்மாவோட ஊசியை நிறுத்திடுவாங்களோன்னு பயந்துட்டேன் வாப்பா" என்றாள். அவளை யாரும் மிரட்டவில்லை. மிரட்டாமலே பயம் வருகிற வீட்டில்தான் அந்தப் படிவத்தை நீட்டினார்கள் என்பதை ஐயா அவர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு அவளே கசப்புக் குப்பியைத் தங்கையின் பக்கம் நகர்த்திவைத்தாள். நான் தடுக்கவில்லை. எண் ஒழுங்காக இருக்கட்டும் என்று மாத்திரைகளை மட்டும் குப்பி மாற்றிக் கொட்டினேன். கிடங்கில் இரண்டு குவியல் ஒத்துப்போகாவிட்டால் கலந்து பாதிப் பாதி ஆக்குவோம். அந்தப் புத்தியாவது வந்திருக்கலாம், வரவில்லை.

6. இருபத்துமூன்று நாள் இப்படிப் போயிற்று. ஜூலை 30 அன்று ரபியா, "சேச்சி, என் மாத்திரை முன்னே இனிக்கும், இப்போ கசக்குது" என்று நர்ஸ் அம்மாளிடம் சொல்லிவிட்டாள். மருந்தகத்து டாக்டர் வெங்கிடராமன் அவர்கள் என்னை வரவழைத்து, பதிவேட்டில் பிள்ளைகளின் இரண்டு பெயரையும் சிவப்பு மையால் அடித்து, குப்பிகளை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். எதுதான் மருந்து என்று கேட்டேன். "எனக்கே தெரியாதய்யா. பட்டியல் மேலிடத்துல, முத்திரை வச்ச உறைக்குள்ள இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பிரிப்பாங்க" என்றார். தன் சாக்கில் என்ன இருக்கிறதென்று தெரியாத வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன். கசந்ததே என்றேன். "கசப்பைப் போலியிலயும் பூசலாம். மருந்துன்னா கசக்கும்னு உம்மைப் போல ஆளுங்க நினைப்பாங்கன்னு செஞ்சவனுக்குத் தெரியாதா?" என்றார்.

இந்த மருந்து உண்மையில் நோயைத் தடுக்குமா என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது, இப்படி ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நாளைக்கு ஆயிரம் பிள்ளைகளுக்குத் தைரியமாகக் கொடுக்கலாம் என்றும் விளக்கினார். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல என் ஐந்தாம் வகுப்புப் போதாது. அந்த ஆயிரம் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். எனக்கு இருப்பது இரண்டு.

7. ஆகவே, மார்ச் முதல் நாலு மாதம் என் மகள் ஒருத்தியை மருந்தில்லாமல் வைத்தது மருந்தகம். ஜூலையில் இருபத்துமூன்று நாள் மற்றவளை மருந்தில்லாமல் வைத்தது நான். எவளை யார் என்பது எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நான் செய்ததற்குச் சிவப்பு மை கிடைத்தது. மருந்தகம் செய்ததற்கு எந்த மை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

8. இன்றோடு பதினாறு நாள், இருவருக்கும் எந்த மாத்திரையும் இல்லை. ஐந்து நாளாக ரபியாவுக்குச் சாயங்காலம் உடம்பு சுடுகிறது. மழைக்காலச் சூடாக இருக்கலாம். கடித்துப் பார்த்துச் சொல்ல முடியாத சரக்கு இது.

ஐயா அவர்கள் தயவு செய்து, அந்த உறையில் இந்த இரண்டு எண்களுக்கு மட்டும் விவரம் எடுத்துத் தெரிவிக்கவும், இருவரின் நெஞ்சையும் உடனே படம் எடுத்துப் பார்க்கவும், இருவருக்கும் மருந்துள்ள மாத்திரையே கொடுக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். இந்த மனுவுக்காக என் மனைவியின் ஊசியில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டுகிறேன். அப்படிச் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. இப்போது எனக்கும் சகீலாவின் பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சகீலாவுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் கையெழுத்துப் போடுமுன் இதை மீதி வைக்காமல் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்று சேர்க்கச் சொன்னாள்: நல்ல மாத்திரை ஒருத்திக்குத்தான் என்று உத்தரவானால், அதை ரபியாவுக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். அதை என் கோரிக்கையாக எழுத எனக்குக் கை வரவில்லை. சொன்னது யார் என்று ஐயா அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றே குறித்திருக்கிறேன்.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 14-8-1962

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கா. நைனா முகம்மது
(118, 119 எண்களின் வாப்பா)