உள்ளங்கையில் தாளம்

ஜூன் 9
இன்றும் என் பாட்டு வகுப்பு நேரத்தில் மின்னலை நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பெண். ஓட்டத்தில் யாரும் பிடிக்க முடியாது, அதனால் அந்தப் பெயர். பிறந்ததிலிருந்து காது கேட்காது.

"கேக்காத பிள்ளைக்குப் பாட்டு எதுக்கு டீச்சர்? பாவம், போரடிக்கும்" என்கிறார் தலைமையாசிரியை.

பாவமாம்! இரண்டு வருடமாக நானும் தலையாட்டிக்கொண்டுதானே இருந்தேன்?

ஜூன் 14
காது கேட்காதவர்கள் இசையை எப்படி உணர்வார்கள் என்று நான்கு நாளாகத் தேடிப் படிக்கிறேன். தாளத்தின் அதிர்வை உள்ளங்கையால் உணரலாம். கனத்த ஒலி என்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். புதுக் கண்டுபிடிப்பெல்லாம் இல்லை. இசைக் கல்லூரியில் நான்கு வருடம் படித்தேனே, ஒருத்தராவது இதைச் சொன்னார்களா?

ஜூன் 22
மின்னலும் சேர்ந்து ஆட ஒரு பலகை விளையாட்டு செய்ய, அக்காவின் மரப்பட்டறையில் முழு நாளும். நான் கேட்ட தடிமனான பலகையில் அதிர்வு செத்துப்போகிறது.

"கட்டிலா செய்யுற? மெல்லிசா ஒட்டுப்பலகை போடுடி, கீழ நாலு கால் வெச்சுத் தூக்கி நிறுத்து" என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

நாற்பது கட்டங்கள். ஒருவர் சீட்டெடுத்து அதிலுள்ள தாளத்தைப் பலகையின் அடியில் தட்ட வேண்டும். மற்றவர்கள் மேலே கைவைத்து, எத்தனை தட்டுக்கு ஒருமுறை அழுத்தம் விழுகிறது என்று சொல்ல வேண்டும் — மூன்றா, நான்கா, ஐந்தா, ஏழா. சரியாகச் சொன்னால் அத்தனை கட்டம் நகரலாம். மற்ற பிள்ளைகளுக்குத் தட்டும் ஓசை காதிலும் விழுமே! அதனால் மின்னலுக்கு மட்டும் ஒரு ஆட்டம் கூடுதல் என்று விதி எழுதினேன்.

ஜூன் 30
இன்று மின்னலை நூலகத்துக்கு விடாமல் வகுப்பிலேயே இருத்திக்கொண்டேன். விதித்தாளைப் படித்தாள். முகம் சிவந்துபோயிற்று. பென்சிலைப் பிடுங்கி அதிலேயே எழுதினாள்:

"எனக்கு எதுக்கு இனாம்? அவங்க காதை மூடுங்க."

எவ்வளவு கோபம்! அதுவும் என்மேல். தலைமையாசிரியையின் 'பாவம்' எனக்குள்ளும் உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது. வெட்கமாயிருக்கிறது.

ஜூலை 1
விதியை அடித்துவிட்டேன். அறுக்கும்போது அக்கா மாட்டிக்கொள்ளும் காதுமூடிகளில் ஐந்தை வாங்கி வந்தேன். இப்போது எல்லாருக்கும் உள்ளங்கை மட்டும்தான்.

ஜூலை 8
பள்ளிகளுக்கான கண்காட்சிக்கு விளையாட்டைக் கொண்டுபோகப் போகிறார்களாம். நல்லது. ஆடிக்காட்டுவது யார்? எட்டாம் வகுப்பிலிருந்து பேச்சுப்போட்டியில் ஜெயித்த நாலு பேர்!

"வர்றவங்க கேள்வி கேட்டா மின்னல் எப்படிம்மா பதில் சொல்லுவா?" என்றார் தலைமையாசிரியை.

"எழுதிச் சொல்லுவா. அவ இல்லாம இந்தப் பலகை இந்த வாசலத் தாண்டாது."

"யார்கிட்ட பேசுறோம்னு தெரிஞ்சு பேசுங்க."

தெரிஞ்சுதான் பேசினேன். என்ன நெனச்சுக்கிட்டு இருக்காங்க? பிள்ளை வேண்டாம், அவளுக்காகச் செஞ்சது மட்டும் வேணுமா?

ஜூலை 9
மெமோ வந்திருக்கிறது. வரட்டும்.

ஜூலை 17
கண்காட்சி முடிந்தது. நாங்கள் போகவில்லை.

ஜூலை 21
தலைமையாசிரியை சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் வந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் மின்னல் ஒரு காதுமூடியை நீட்டினாள். என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். ஐந்தை நான்கு என்றார், ஏழை மூன்று என்றார். மின்னல் நாற்பதாவது கட்டத்தைத் தொட்டபோது அவருடைய காய் ஒன்பதில் நின்றது. மூடியைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார். மெமோவைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆகஸ்ட் 4
மின்னல் இன்று பாட்டு வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம். மற்றவர்களைப் போலவே வாசலில் நிறுத்தி, கடிகாரத்தைக் காட்டித் திட்டினேன். உதட்டைச் சுழித்துவிட்டு, முதல் வரிசையில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.