வெளியே அனுப்பப்பட்ட காளை

பக்குரங்கா, 8.4.1996

அன்பின் அத்தானுக்கு,

நானும் நம் மகள் வித்தியாவும் நல்ல சுகம். உங்கள் சுகத்தை ஒளிக்காமல் எழுதுங்கள்.

ஈஸ்டர் கண்காட்சியில் தேநீர் விற்கப் போயிருந்தேன். பண்ணைக் காளைகளைப் பரிசுப் போட்டிக்காகக் குளிப்பாட்டி, மயிர் சீவி, நடுவர் முன் நடத்தினார்கள். எல்லாவற்றிலும் அழகான கறுப்புக் காளை பின்னங்காலை இலேசாக இழுத்தது. நடுவர் கையசைத்து அதை வெளியே அனுப்பிவிட்டார்.

"என்ன அக்கா, உங்கட மாட்டையோ கலைச்சவங்கள்? முகம் உப்பிடிக் கிடக்கு!" என்று கூட வேலைசெய்யும் நம் ஊர்ப் பிள்ளை றெபேக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கொழும்பில் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை இருபத்திரண்டாம் திகதிதானே? ஷெல் பட்ட காலுக்குத் தினமும் எண்ணெய் பூசுங்கள். முதல்நாளே போய்த் தங்குங்கள். ஊன்றுகோல் இல்லாமல் அறைக்குள் நடந்து பழகுங்கள். எத்தனை அடி நடக்க முடிகிறது என்று உடனே எழுதுங்கள்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள்,
தவமலர்