தட்டைத் தூக்கியவள்

அப்பா,

உங்கள் தாம்பாளத்தில் ஒரே ஒரு லட்டு மிச்சம் இருக்கிறது. சமையல் மேடைமேல் வைத்திருக்கிறேன். எறும்பு ஏறத் தொடங்கிவிட்டது. நெய் பட்ட இடங்களில் நீங்கள் உளியால் வெட்டிய எழுத்துகள் பளிச்சென்று தெரிகின்றன. அமுதா, அமுதா, அமுதா. ஏழு வரிகள், ஏழு கோடைகள், தங்கையின் பெயர் மட்டும்.

இன்று யாழினிக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட். உங்கள் பேத்தி நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிம்மக்கல் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுவது உங்கள் வேலை. கல்யாணச் சீர், புதுமனை புகுவிழா, கோயிலுக்குக் கொடுக்கும் அண்டா என்று எது வந்தாலும் சின்னச் சுத்தியலோடு குனிந்து உட்கார்ந்துகொண்டு, "என்ன பேரு போடணும்?" என்று நிமிராமலே கேட்பீர்கள். கடைக்கு மிஷின் வந்த பிறகும் நம் வீட்டுத் தாம்பாளத்துக்கு மட்டும் உளிதான். அமுதா நாலாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கிய மே மாதம் அதை வாங்கி வந்தீர்கள். அதற்குப் பிறகு, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்த லீவில் அவள் என்ன சாதித்தாளோ அது ஒரு வரியாகத் தட்டில் ஏறும். சைக்கிள் பழகியது. நீச்சல் பழகியது. டைப்ரைட்டிங் லோயரில் முதல் வகுப்பு.

நான் அவளுக்கு முன்பே சைக்கிள் பழகியவள். அப்போது தட்டு வாங்கியிருக்கவில்லை. சோழவந்தான் பக்கம் பெரியப்பா தோட்டத்துக் கிணற்றில் அவள் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து மிதக்க வைத்தவளும் நான்தான். நீங்கள் மேலே படியில் நின்று, "விட்ரு, விட்ரு, அவளா நீந்துவா" என்று கத்தினீர்கள். விட்டேன். அவள் நீந்தினாள். அடுத்த வாரம் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீனும் வெட்டியிருந்தீர்கள்.

"வாங்குனவ உக்காரட்டும், வாங்காதவ தூக்கட்டும்." இது உங்கள் சட்டம். அமுதா புதுப் பாவாடை கட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நான் லட்டு அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு விளாங்குடியின் அந்த நீளத் தெருவில் வீடு வீடாகப் போவேன். முதல் வீட்டில் லட்டு மட்டும்தான் தெரியும். நாலைந்து வீடு தாண்டினால் ஓரத்தில் ஓர் 'அ' எட்டிப் பார்க்கும். தெருக் கடைசிக்குப் போவதற்குள் முழுத் தட்டும் படிக்கக் கிடைத்துவிடும்.

"ரெண்டும் பொம்பளப் புள்ளைக. இருந்தும் மனுசன் எப்புடிக் கொண்டாடுறாரு பாரு" என்று தெரு உங்களை மெச்சியது. உங்களைப் போல ஓர் அப்பா வேண்டும் என்று என் சிநேகிதிகளே சொன்னார்கள். "ஒனக்கு என்னடி வெட்டிருக்காரு?" என்று எவளாவது கேட்டால், "அடுத்த வருசம்" என்பேன்.

கடைசி வீடு பாக்கியம் அத்தையுடையது. தட்டைப் பார்க்கவே மாட்டார். என் காலைத்தான் பார்ப்பார். "இம்புட்டு வெயில்ல செருப்புக்கூட இல்லாம வந்துருக்கா பாரு" என்று தன் லட்டைப் பிட்டுப் பாதியை என் வாயில் திணிப்பார். "இது தூக்கிட்டு வந்தவளுக்கு" என்பார். அந்தப் பாதி லட்டுக்காகவே அந்தத் தெருவை நடந்து முடித்திருக்கிறேன்.

நான் பிளஸ் டூ முடித்த கோடை உங்களுக்கு நினைவிருக்கும். வரலாற்றில் பள்ளியிலேயே முதல் மார்க். அந்த வருஷம் அமுதாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். கடையிலிருந்து நீங்கள் தட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த சாயங்காலம் சணலை நான்தான் அவிழ்த்தேன்.

'அமுதா. கட்டுரைப் போட்டி. முதல் பரிசு.'

வைகையில் தண்ணீர் வரும் நாளைப் பற்றி வீட்டிலிருந்தே எழுதி அனுப்புகிற போட்டி அது. எழுத வரவில்லை என்று அவள் அழுதாள். நான் என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் தன் மணியான கையெழுத்தில் அதைப் பார்த்து எழுதி அனுப்பினாள். பாலத்தின் மேல் நின்று ஜனங்கள் கைதட்டியது, மணலில் கிடந்த ஒற்றைச் செருப்பைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் என்னுடைய வாக்கியங்கள்.

"அப்பா, எனக்கு?" என்றேன்.

"ஒரு பாடத்துல வாங்குறது வேற, ஆத்தா. ஊரே பாக்க வாங்குறது வேற" என்றீர்கள். "போ, லட்ட அடுக்கு."

அமுதா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். லட்டை அடுக்கினேன்.

என் கல்யாணப் பாத்திரங்களில் வெட்டினீர்கள்தான். உங்கள் இனிஷியலும் என் பெயரின் முதல் எழுத்தும். பாத்திரம் பக்கத்து வீட்டோடு மாறிப்போகாமல் இருப்பதற்காக எல்லோருக்கும் வெட்டுவது அது.

அம்மா போன பிறகு உங்களோடு இருந்தது நான். அமுதா பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது, முன் அறையில் கட்டிலைப் போட்டு உங்களைப் படுக்க வைத்தோம். நீங்கள் கேட்ட முதல் பொருள் அந்தத் தட்டு. மடியில் வைத்துக்கொண்டு வலது கை விரலால் எழுத்து எழுத்தாகத் தடவுவீர்கள். யார் பார்க்க வந்தாலும் படித்துக்காட்டச் சொல்வீர்கள். நானே எத்தனை பேருக்குப் படித்துக்காட்டினேன்.

ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் விரல் கட்டுரை வரியில் நின்றது. எதற்காக அன்று சொன்னேன் என்று தெரியாது.

"அப்பா, அந்தக் கட்டுரை நான் எழுதினது."

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் சொல் தெளிவாகத்தான் வந்தது.

"தெரியும். ஒன் கணக்கு நோட்டுல அப்பவே பாத்தேன்."

கரண்டி என் கையில் இருந்தது. நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னீர்கள்.

"அவளுக்கு ஒரு சொல்லு தாங்காது. நீ தாங்குவ."

மிச்சக் கஞ்சியையும் ஊட்டினேன். வாயைத் துடைத்துவிட்டேன். "தட்டுல கஞ்சி சிந்திருச்சு, கழுவிட்டு வாரேன்ப்பா" என்று எடுத்துப் போனேன். சமையலறையில் அரிசி டிரம்மைத் திறந்து, உள்ளே செங்குத்தாகச் செருகி, அரிசியால் மூடினேன். கழுவக்கூட இல்லை.

அன்று சாயங்காலமே கேட்டீர்கள். "தட்டு?"

"காணோம்ப்பா."

அதற்குப் பிறகு பேச்சு குழறத் தொடங்கியது. மற்ற சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தபோதும் அந்த ஒரு சொல் மட்டும் உங்களிடம் இருந்தது. பாக்கியம் அத்தை தினமும் வந்து உட்காருவார். நீங்கள் கேட்கக் கேட்க அவருக்குப் பொறுக்காது. கட்டிலுக்கு அடியில் முட்டி போட்டுத் தேடினார், பரணில் தேடினார், பக்கத்து வீடுகளில் போய் விசாரித்தார். "வீட்டுக்குள்ள இருந்தது எங்கடி போகும்?" என்று என்னிடம் கேட்டார். அமுதா போனில் அழுதாள். "நல்லாத் தேடுக்கா. அப்பாவுக்கு அது ஒண்ணுதானே." நானும் அவர்களோடு சேர்ந்து தேடினேன். மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன்.

ஒவ்வொரு காலையும் உழக்கை விட்டு அரிசி அள்ளும்போது அது தட்டின் விளிம்பில் இடித்து ணங்கென்று ஒரு சத்தம் வரும். முன் அறையில் உங்கள் தலை சமையலறைப் பக்கம் திரும்பும். நாற்பது வருஷம் பாத்திரத்தைத் தட்டியே பிழைத்த காது. அந்தச் சத்தம் எதனுடையது என்று உங்களுக்கா தெரியாது? பதினோரு நாள் கேட்டீர்கள். பன்னிரண்டாம் நாள் உழக்கு இடித்தது, நீங்கள் என்னை வெகுநேரம் பார்த்தீர்கள், பிறகு கேட்கவே இல்லை. அதற்கு மறுநாள் போய்விட்டீர்கள்.

தலைமாட்டில் விளக்கேற்ற அந்தத் தட்டுதான் வேண்டும் என்று அமுதா அரற்றினாள். "காணோம்டி" என்று வேறொரு தட்டைக் கொடுத்தேன்.

பிறகு புது டிரம் வாங்கினோம். பழையது தட்டோடு பரணுக்குப் போனது. இன்று காலை யாழினி பரணில் எதையோ தேடப்போய் இதை எடுத்துவிட்டாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் கழுவித் துடைத்து லட்டு அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

"ம்மா, இம்புட்டுப் பெரிய தட்டை வச்சுக்கிட்டு பிளாஸ்டிக் டப்பாவுல குடுப்போம்னு சொன்னியே. தாத்தா வெட்டுனதா? எல்லாம் சித்தி பேரா இருக்கு."

"ம்."

"ஒன் பேரு எங்க?" கேட்டுக்கொண்டே நாலு லட்டை எடுத்து வைத்துவிட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். இந்த வீட்டில் அத்தனை வருஷம் இருந்தும் அதன் அடிப்பக்கத்தை நான் திருப்பிப் பார்த்ததில்லை. கடை முத்திரை இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"ஒனக்குத் தனியா வேற தட்டு வச்சிருந்தாராம்மா?"

"ஆமா."

"அது எங்க?"

"காணோம்."

லட்டை அடுக்கி முடித்துவிட்டு அவளே தூக்கப் போனாள். "நீ உக்காரு. வாங்குனவ உக்காரணும்" என்று என் வாயிலிருந்து வந்தது. உங்கள் குரல்தான் அது, இழுப்புகூட மாறவில்லை. டப்பாவுக்கு மாற்றச் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. தெரு பார்க்கட்டும் என்றுதான் தூக்கினேனோ என்னவோ.

தெருவில் இப்போது பாதிப் பேர் புதியவர்கள். நடுவில் ஒரு வீட்டுப் பெண், "அமுதாங்கிறது உங்க பேராக்கா?" என்றாள். இல்லை என்றேன். வீடு வீடாக எழுத்துகள் வெளியே வந்துகொண்டே இருந்தன. சைக்கிள். மீன். கட்டுரை.

அத்தை வாசல் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாக லட்டை எடுத்தார். "ஒன் மகளும் ஒன்ன மாதிரிதான், சத்தமில்லாம வாங்கிட்டா" என்றார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தார்.

"ஏண்டி, இது அண்ணன் தட்டுல்ல?"

"ஆமா அத்தை."

"எங்க கெடந்துச்சு?"

"அரிசி டிரம்முல."

"டிரம்முக்குள்ள எப்புடிப் போகும்? யாரு போட்டது?"

"நான்தான்."

அத்தை என் முகத்தையே பார்த்தார். "நான் முட்டி போட்டுத் தேடுனேன். நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன."

"ஆமா."

"வாய் கோணிப்போயி, தட்டு தட்டுன்னு அந்த மனுசன்..." முடிக்கவில்லை. லட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "அமுதாகிட்ட நான் சொல்லிருவேன். நீ சொல்ல மாட்ட." சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளே டிவி போடும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் யாழினி, "ஒண்ணு மிச்சமிருக்கே, யாருக்கு?" என்றாள். தூக்கிட்டு வந்தவளுக்கு என்றேன். "அப்ப சாப்புடு" என்றாள். சாப்பிட முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அமுதாவின் அழைப்பு இரண்டு தடவை வந்து நின்றது. அத்தை டிரம்மைப் பற்றிச் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி என்னிடம் இருக்கிறது. அந்தக் கட்டுரை யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது, நம்பியே போனீர்கள் என்று அமுதா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இத்தனை வருஷமும் உங்கள் செல்ல மகளாக இருந்திருக்கிறாள். தெரிந்தேதான் வெட்டினீர்கள் என்பதையும், ஏன் என்று நீங்கள் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொல்லப் போகிறேன்.

அவளுக்குத் தாங்காது என்று எனக்கும் தெரியும், அப்பா.

போன் மறுபடி அடிக்கிறது. எறும்பை ஊதிவிட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிறேன். இந்தத் தடவை அவள் தூக்கட்டும்.