அனகாபுத்தூர் வீடும் இருபத்துநான்காவது குறிப்பும்

பொழிச்சலூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் நிகத்துக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக் கணக்கு. டொரண்டோவில் குளிர் குறைந்ததா, பிள்ளைகளின் சளி விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போனில் சொல்ல வாய் வராத சங்கதி ஒன்று இருப்பதால் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு ஜான்சி இதைப் படமெடுத்து இன்றே உனக்கு அனுப்பிவிடுவாள்.

அனகாபுத்தூரில் வேதாசலம் என்பவர் மூன்று போர்ஷன் உள்ள தம் பழைய வாடகை வீட்டை விற்கிறார் என்று சொன்னேன் அல்லவா, அதை ஷெர்வின் என்ற இன்ஜினீயரை அழைத்துப் போய்க் காட்டினேன். சமையலறைக் கூரையில் கம்பி துருப்பிடித்து சிமெண்ட் உதிர்கிறது, போர்வெல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே பத்தடிகூட இல்லை, சுவரெல்லாம் ஓதம். "வாங்கலாம் சார், ஆனா வாங்குன மறுநாளே பாதிய இடிக்கணும்" என்று சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எண் போட்டு இருபத்துமூன்று குறிப்பாகச் சுத்தப்பிரதி எடுத்தேன், முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு எழுதாவிட்டால் யோசனை ஓடாது. எழுதிய பிறகும், வாங்குவதா விடுவதா என்பதில் என் முடிவை நானே நம்பாமல் அந்தத் தாளை அஸ்தினாபுரத்துக்குக் கொண்டுபோய் உன் தௌசிப் மாமாவிடம் காட்டினேன், அதுதான் நான் செய்த தப்பு. அவன் நின்றபடியே படித்துப் போனில் படம் பிடித்துக்கொண்டு, "என்ன மச்சான், கொஸ்டின் பேப்பர் மாதிரி இருக்கு, இந்த வீடு உங்களுக்கு வேணாம், விட்டுடுங்க" என்றான். 'உங்களுக்கு' என்று சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் அதே படத்தை வேதாசலத்திடம் காட்டி விலையைக் குறைத்துப் பேசிவிட்டான், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அட்வான்ஸ் கொடுக்கிறானாம். முதலில் வந்தவர் நீங்கள், அதே விலைக்கு வேண்டுமானால் அதற்குள் சொல்லுங்கள் என்று வேதாசலம் என்னையும் கூப்பிட்டார்.

நிகத், எனக்கு வயிறு எரிகிறது. எழுபத்தொரு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவனுக்கு ஏற்கெனவே இரண்டு வீடு. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "நீங்க ரெண்டு மாசமா டேப் புடிச்சீங்க, என் தம்பி மூணு நாள்ல முடிச்சிட்டான்" என்றாள். நீயும் வேலை மாறுவதைப் பற்றி முதலில் மாமாவிடம்தான் கேட்டாயாம், அவனே மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான். கூரை துருப்பிடித்திருந்தாலும் சரி, அவனுக்குப் போகக்கூடாது, நானே வாங்கிவிட வேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்த வேகத்தில்தான் நேற்று மறுபடி அளக்கப் போனேன். பின் போர்ஷனில் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கும் அஞ்சம்மாள், "இன்னா சார், திரும்பவும் டேப்பத் தூக்கினு வந்துட்ட, வூட்ட வாங்கப் போறியா, அதுக்குச் சட்ட தைக்கப் போறியா?" என்றாள். அடையாற்று வெள்ளத்தில் தண்ணீர் வாசலோடு நின்றுவிட்டது என்று வேதாசலம் சொன்னதை ஐந்தாம் குறிப்பாக எழுதி 'சரி' போட்டிருந்தேன், அதைக் கேட்டேன். "அப்டியா சொன்னாரு? இந்தப் பக்கம் புடி" என்று தன் பச்சை பீரோவை நகர்த்தச் சொன்னாள். விற்பதற்காகப் புதுசாய்ப் பெயிண்ட் அடித்தவர்கள் அதை நகர்த்தவே இல்லை. பின்னால் சுவரில் என் மார்பளவுக்கு ஒரு சேற்றுக் கோடு, கீழே இடுப்பளவில் இன்னொன்று. "ரெண்டு தபா ஏணி வெச்சு மொட்ட மாடிக்கு ஏறிகீறோம் சார், இத்தயும் எழுதிக்கோ" என்றாள்.

வெளியே வந்ததும் எனக்கு உண்டானது சந்தோஷம், அதைத்தான் உன்னிடம் மறைக்க முடியவில்லை. இந்த இருபத்துநான்காவது குறிப்பு தௌசிப்பின் போனில் இல்லை. வாங்கட்டும், மழைக்கு ஏணி தேடட்டும் என்று நினைத்தேன், ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அந்த நினைப்பு இனித்தது, வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்ததும் சோறு இறங்கவில்லை. இன்று காலை வேதாசலத்திடம் எனக்கு வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளை அஸ்தினாபுரம் போய் அவனிடம் அந்தக் கோடுகளைச் சொல்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளைக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு என் முத்தம், அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. வேலை விஷயத்தை என்னிடமும் ஒருமுறை கேள், பதில் சொல்ல இரண்டு மாதம் ஆகாது. ஒன்று மட்டும் ஞாபகம் வை, இதைப் படித்ததும் மாமாவுக்குப் போன் போட்டுவிடாதே. அவனுக்குத் தெரியாத ஒன்று முதல்முறையாக எனக்குத் தெரிந்திருக்கிறது, அதை நான்தான் சொல்ல வேண்டும்.

உன் அத்தா,
மு. கலீல்