பாவாடையில் ஐந்து கறுப்புக் கோடு

என் ஆசை அம்மா,

உன்னைப் புதைத்து மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆற வைக்க நான் முயலவும் இல்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தோடு லாவோஸ் மலைக்குப் போன அப்பா, அங்கே மோங் என்ற மலைச் சனத்துப் பெண்ணான உன்னைக் கட்டிக்கொண்டார். கைக்குழந்தையான என்னோடு உன்னைத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்த மறுவருஷமே போய்ச் சேர்ந்தார். நாம் பெரியப்பா வீட்டில் ஒண்டிக்கொண்டோம். அந்த நீலப் பாவாடை ஒன்றுதான் உன் சீதனம். மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்கும்போது பாவாடையின் கதையைச் சொல்வாய். உங்கள் எழுத்தைச் சீன ராஜா தடுத்தானாம், எழுதினவன் கையை வெட்டினானாம். அதனால் பெண்கள் நடந்ததையெல்லாம் துணியில் தைத்தார்களாம். இரண்டு வெள்ளைக் கோடு, துரத்தினவர்களிடம் தப்பி நீந்திய இரண்டு ஆறு. சின்னக் கட்டங்கள், கொளுத்தப்பட்ட வயல்கள். எத்தனை பேர் ஆற்றோடு போனார்கள் என்று கேட்டேன். நீ அடுத்த மல்லாட்டையை எடுத்து உடைத்தாய்.

காய்ச்சலில் கிடந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாய். "என்ன இந்தப் பாவாடையோட அனுப்பு கண்ணு. வெள்ளப் பொடவையில போனா எங்கம்மாவுக்கு அடையாளம் தெரியாது." உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

உன்னைக் குளிப்பாட்ட வாசலில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் பாவாடையோடு வந்ததும் பெரியப்பா குறுக்கே நின்றார். "இந்தச் சூனியத் துணிய கட்டிக்கினு வந்தா மாதா கோயில் சாமியாரு பொணத்த மந்திரிக்க மாட்டாரு" என்று பிடுங்கினார். நான் விடவில்லை. அறைந்தார். முன்பல் ஒன்று போயிற்று. அவர் மணிக்கட்டைக் கடித்தேன், அவர் ரத்தம் என் வாயில் வந்தது. என் முடியைப் பிடித்துத் தூணில் மோதிவிட்டுப் பாவாடையை அடுப்பில் போட்டார். நெருப்புக்குள் கையை விட்டு இழுத்தேன். பாதிதான் வந்தது. கூடியிருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

உன்னை வெள்ளைப் புடவையில்தான் அனுப்பினார்கள். பிறகு சாமியாரிடம் கேட்டேன். பாவாடையோடு கொண்டுவந்திருந்தாலும் மந்திரித்திருப்பேன் என்றார். இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

கை ஆறியது, இரண்டு விரல் மட்டும் மடங்கவில்லை. அந்தக் கையாலேயே, கருகின இடத்தில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தேன். அங்கே இருந்த கதை எனக்குத் தெரியாது. தெரிந்ததைத் தைத்தேன். ஒரு சிவப்புக் கட்டம், அது அடுப்பு. அதன்மேல் ஐந்து கறுப்புக் கோடு.

போன வாரம் பெரியப்பா அந்தக் கோடெல்லாம் என்னவென்று கேட்டார்.

"உங்க வெரலுங்க" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. சீன ராஜா கதையை நீ சொல்லி அவரும் கேட்டிருக்கிறார், துணியில் தைத்தது தலைமுறைக்கும் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். "அத்தப் பிரிச்சுடும்மா. எம் பேரப்புள்ளைங்க பாக்கும்" என்றார். நான் பிரிக்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரியா, அம்மா?

இப்போது எங்கே நிற்கிறாய்? உன் ஜனம் உன்னைச் சேர்த்துக்கொண்டதா, யாரோ வேற்றாள் என்று திருப்பி அனுப்பிவிட்டதா? உனக்குக் கொடுத்த சத்தியத்தில் தோற்றுப்போனேன். இதிலாவது தோற்க மாட்டேன். என் காலம் முடியும்போது இந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டுதான் வருவேன். எனக்கு வழி விடுவார்கள். உன்னைக் காட்டி, இவள் என் அம்மா என்று சொல்லி உள்ளே கூட்டிப்போவேன். அதுவரை வெளியிலேயே பொறுத்திரு.

உன் வயிற்றில் பிறந்த ஒரே மகள்,
செலின்