மெழுகு வைக்காத நாட்கள்

12.2.1963, கொழும்பு

ராகலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இன்று என் வகுப்பை யார் பார்த்தார்களோ. அழகம்மா அக்காவின் மார்பை அறுத்தெடுத்து இரண்டு மாதம். புற்று மிச்சமில்லாமல் போக இன்று முதல் கரண்டு, அதாவது கதிர், வைக்கிறார்கள். அவளுக்குச் சிங்களம் வராது. எல்லாம் நான்தான் கேட்டுச் சொல்கிறேன்.

தழும்பின் மேல் ஒரு மெழுகுத் தகடு வைக்கிறார்கள். புது மிஷினின் கதிர் தோலைத் தாண்டி உள்ளே போய்த்தான் பலம் பிடிக்குமாம். மேலே மெழுகு இருந்தால் அந்தப் பலம் தோலிலேயே இறங்குமாம். மிச்ச நோய் தழும்புத் தோலில்தான் ஒளிந்திருக்கும் என்றார் மிஷின்காரர். நன்றாகவே விளங்கியது. தகட்டை எங்களிடம் தந்து, தினம் கொண்டுவரச் சொன்னார்.

20.2.63

தோல் சிவந்துவிட்டது.

1.3.63

உரிந்து நீர் கசிகிறது. பக்கத்துக் கட்டில் ஜெயமலர் டீச்சருக்குக் கர்ப்பப்பைக்குக் கரண்டு. மெழுகு கிடையாது, தோலில் ஒரு கீறல் இல்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கு மட்டும் ஏன்டி அந்த எழவு? தாங்கலடி. வேணாம்னு சொல்லேன்டி."

என்னைப் படிக்கவைக்கக் கொட்டும் மழையில் கொழுந்து பறித்தவள். ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. நான் என்ன செய்வேன்?

4.3.63

மிஷினுக்குப் புது ஆள். தகட்டைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனேன். வேறு ஏதாவது வைக்க வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார்.

"நே மாத்தயா" என்றேன். இல்லை ஐயா என்று.

14.3.63

கடைசி ஒன்பது நாளும் மெழுகு இல்லை. புண் ஆறுகிறது. அக்கா இன்று சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் செய்தது சரிதானே? — சரிதானே?

22.6.63, ராகலை

அக்கா விடியற்காலை பேர் பதியும் பெரட்டுக்குப் போனாள். வேலைக்குத் திரும்பியதில் அப்படி ஒரு சந்தோஷம்.

11.11.63

குளித்துவிட்டு வந்து காட்டினாள். தழும்பின் மேல் மிளகு அளவில் நாலைந்து கட்டி.

"கொசுக்கடியாடி?"

ஐயோ. ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்.

18.11.63, கொழும்பு

மெழுகு எத்தனை நாள் வைத்தீர்கள் என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. மெழுகு வைத்திருந்தாலும் நோய் திரும்பி வந்திருக்கலாம் என்றார். அது எனக்காகச் சொன்னது. அந்தத் தோல் இனிக் கரண்டு தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்றாரு?"

"தோல் நல்லா ஆறியிருக்காம்க்கா."

"பாத்தியா" என்று சிரித்தாள். "அன்னிக்கே சொன்னேன்ல, அந்த மெழுகு வேணாம்னு."

"ஆமாக்கா" என்றேன்.